பதினேழாவது உருப்படி

வேலை பிடிக்காமல் போவது வேறு, வேலையைப் பார்த்ததும் குமட்டுவது வேறு. சுயூன்பெக் அனுப்பிய கோப்பைத் திறந்த அன்று பேகாயிமுக்குக் குமட்டியது.

பதினான்கு வருஷமாக இசைப் பக்கங்களைக் கணினியில் கோத்துத் தருகிறவள் அவள். பிஷ்கெக் நகரில் ஓஷ் சந்தைக்குப் பின்னால், மருந்துக் கடை மாடியில் இரண்டு அறை. அதுதான் கெனாதி லிகாயின் பதிப்பகம். பியானோ உருப்படி எது வந்தாலும் பேகாயிமின் மேசைக்குத்தான் போகும். பியானோவில் ஒரு கையே இரண்டு பேர் வேலையைச் செய்யும். கட்டைவிரல் ஒரு குரலை இழுத்துப் பிடித்திருக்க, சுண்டுவிரல் இன்னொரு குரலைப் பாடிக்கொண்டு போகும். இரண்டையும் ஒரே ஐந்து கோட்டுக்குள் எழுதியாக வேண்டும். மேல்குரலின் சுரங்களுக்குக் காம்பு மேலே, கீழ்க்குரலின் சுரங்களுக்குக் காம்பு கீழே. ஒரு குரல் சும்மா இருக்கிற இடத்தில் மௌனக் குறி போட வேண்டும். அது பக்கத்துக் குரலின் மண்டையில் இடிக்காதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். இரண்டு கைக்குமாக நாலு குரல் வந்துவிட்டால் ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஓடிவிடும். அந்த அரை நாளை அவள் விரும்பித்தான் செலவழிப்பாள்.

சுயூன்பெக்கின் கோப்பு அப்படிப்பட்டதில்லை. மேலே துடைத்துவிட்டு அடியில் கரியோடு கவிழ்த்து வைத்த பாத்திரம் போல இருந்தது. அச்சில் பார்த்தால் பக்கம் ஒழுங்காகத் தெரியும். உள்ளே போனால் நாலு குரலையும் ஒரே குரலில் திணித்திருந்தது. சுரங்களை இணைக்கிற வளைகோட்டை இசை எழுதும் கணினி நிரல் போட்டிருக்கவில்லை; யாரோ கையால் கோடு வரைந்து இழுத்து ஒட்டியிருந்தார்கள். தொட்டால் கோடு ஒரு பக்கம், சுரம் ஒரு பக்கம் கழன்று வந்தது. இருபத்து நாலு உருப்படியில் பெரும்பாலும் இப்படித்தான்.

சுயூன்பெக்குக்கு எழுபது வயது நிறைகிறது. விழாவுக்குள் புத்தகம் வந்துவிட வேண்டும். வந்தால் நாட்டில் உள்ள இசைப் பள்ளிகளுக்கெல்லாம் பாடப் புத்தகமாகப் போகும். ஊரில் பியானோ தொட்ட பாதிப் பேருக்கு அவர்தான் அகாய், அதாவது வாத்தியார். மீதிப் பேரும் அவரை அகாய் என்றே கூப்பிட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை அவரே மாடியேறி வந்தார். வெளியே நிலக்கரிப் புகை தெருவை மூடியிருந்தது. அவருடைய மேலங்கியில் அந்த வாடை ஏறியிருந்தது. கையில் ஒரு பொட்டலம், அதில் சீவிய கசி, குதிரைக்கறியைக் குடலில் அடைத்துச் செய்வது. கெனாதி ஓடிப்போய் நாற்காலி போட்டார், பேகாயிம் தேநீர் ஊற்றினாள்.

"சாப்பிடு மகளே. நாரின்ல இருந்து வந்தது. கொழுப்பு பாரு, வெண்ணெ மாதிரி."

"அப்புறம் சாப்பிடறேன் அகாய். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவள் திரையில் பதினேழாவது உருப்படியைக் காட்டினாள். "முப்பத்தோராவது கட்டம். இடது கையில உள்குரல் ஃபா சுரத்துல நிக்குது. போன கட்டத்துல அதே ஃபாவை அரைச்சுரம் ஏத்திருக்கீங்க. இங்கயும் ஏத்தணுமா, வேணாமா?"

சுயூன்பெக் கண்ணைச் சுருக்கினார். கசி தின்ற விரலைத் திரையில் வைத்து அழுத்தினார். விரலை எடுத்த இடத்தில் கொழுப்பு பளபளத்தது.

"எது, இதுவா?"

"அது வலது கை அகாய். இது."

அவர் ஏதோ முனகிப் பார்த்தார். அது மேல்குரல். உள்குரல் அந்த வழியாகவே போகவில்லை. பேகாயிம் காத்திருந்தாள்.

"உனக்கு எது நல்லாருக்கோ அதப் போடு மகளே. உன் காதுமேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

"நீங்க எழுதினதுதானே?"

"எழுதினவன் எல்லாத்தையும் மண்டையில தூக்கிட்டு அலைய முடியுமா" என்று சொல்லி, உதட்டுக்கு அடியில் அடக்கியிருந்த நஸ்வாய்ப் புகையிலையை நாக்கால் ஒதுக்கி, பச்சை எச்சிலை எதிரே இருந்த கிண்ணத்தில் துப்பினார். அது பேகாயிமின் தேநீர்க் கிண்ணம். அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் துப்பியிருப்பார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அவர் போன பிறகு கிண்ணத்தை இரண்டு விரலால் பிடித்துக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். திரையைத் துடைத்தாள். துடைத்த துணியையும் போட்டாள்.

"அவ்வளவு நல்ல கிண்ணம்" என்றார் கெனாதி.

"நீங்க வேணா எடுத்துக் குடிங்க அண்ணே."

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. கோத்து முடிக்கும் முன்பு வேண்டாத மௌனக் குறிகளை மறைத்து வைப்பது அந்த வேலையில் வழக்கம். மறைத்தவை அச்சில் வராது. திரையில் வேண்டுமென்றால் சாம்பல் நிறத்தில் காட்டச் சொல்லலாம். பேகாயிம் அந்தக் கட்டளையைத் தட்டினாள். பதினேழாவது உருப்படியில் மௌனக் குறிகளோடு ஒரு முழுக் குரலும் எழுந்து வந்தது. இடது கையில், அடிக்குரலுக்கும் உள்குரலுக்கும் நடுவே, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை சாம்பல் நிறத்தில் நாலாவது குரல் ஒன்று ஓடியது. அதைப் படித்த பிறகு முப்பத்தோராவது கட்டத்தில் சந்தேகமே இல்லை. ஃபாவை ஏற்றக் கூடாது. நாலாவது குரல் அந்த இடத்தில் வந்து அதைத் தாங்கிப் பிடித்திருந்தது.

பக்கத்தின் தலையில் ஒரு வரியும் எழுந்தது. யாரோ அதை அழிப்பதற்குப் பதிலாக மறைத்து வைத்திருந்தார்கள்.

"அகாய், வாசிக்கக் கஷ்டம்னு சொன்னீங்க, நாலாவது குரலை மறைச்சிட்டேன். இது நீங்க கேட்டதுல கடைசி. என் தேர்வுக்கு எப்ப வரட்டும்? — பா."

பேகாயிம் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு மற்ற உருப்படிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இனி அவளுக்கு வரி எதுவும் தேவைப்படவில்லை. கையெழுத்து மாதிரிதான் இதுவும். ஒருவர் காம்புகளையெல்லாம் கையாலேயே திருப்பியிருந்தார். ஒருவர் மௌனக் குறியை எப்போதும் ஒரு கோடு தாழ்த்தியே வைத்தார். இன்னொருவருக்கு வளைகோட்டை நிரலைக் கொண்டு போடத் தெரியவில்லை. ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆறு, பதினொன்று, பதினேழு, இருபத்திரண்டு என்று அவருடைய நாலும் முத்துக் கோத்தது போல இருந்தன. இருபத்து நாலு உருப்படிக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த ஐந்து பேரில் திரையில் வலது கையும் இடது கையும் அடையாளம் தெரியாத ஒரு கிழவர் எங்கே இருக்கிறார் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவருடைய முந்தைய தொகுப்பையும் அவள்தான் கோத்தாள். அதிலும் சாம்பல் நிற வரிகள் இருந்தன. குப்பை என்று நினைத்து, படிக்காமல், மறைத்ததை எல்லாம் ஒரே கட்டளையில் நீக்கி, அதன் மேலேயே சேமித்துவிட்டாள். பழைய வட்டில் தேடிப் பார்த்தாள். சுத்தமான பக்கங்கள்தான் இருந்தன. யார் யார் என்ன கேட்டார்கள் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. சுயூன்பெக்கின் எச்சிலைப் பார்த்தபோது வந்ததைவிட அதிகமான அருவருப்பு அவளுக்குத் தன் மேலேயே வந்தது.

கெனாதியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கா கூப்ட்ட?"

"இதுக்குத்தான்."

"எல்லாருக்கும் தெரியும் பேகா."

"என்ன தெரியும்?"

"பசங்ககிட்ட எழுதி வாங்குவாரு. தேர்வை இழுத்தடிப்பாரு, எழுதிக் குடுத்தா விட்ருவாரு. இருவது வருஷமா நடக்குது. உனக்கு மட்டும் தெரியாதா?"

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சுக்கிட்டல்ல. மறைச்சதை எல்லாம் நீக்கிட்டு வேலையப் பாரு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்."

அவர் கெட்டவர் இல்லை. பேகாயிமின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சூப் கொண்டுவந்தவர். அதனால்தான் அந்த வார்த்தை அவளை இன்னும் மோசமாக அறுத்தது. எல்லாருக்கும் தெரியும். ஊரே சேர்ந்து ஒரு நாற்றத்தை முகர்ந்துகொண்டு, விருந்து மணக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பதினேழாவது உருப்படியின் விவரப் பெட்டியில் அதை முதலில் எழுதிய கணினியின் பெயர் அப்படியே இருந்தது: பாதிகுல், டொக்மோக். பியானோவுக்குச் சுருதி கூட்டுகிற ஒருவரிடம் விசாரித்தாள். டொக்மோக்கிலிருந்து வந்த உய்குர் பெண் ஒருத்தி, குழந்தைகளுக்கு நடனம் சொல்லித் தரும் இடத்தில் வாசிக்கிறாள் என்றார். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேகாயிம் மர்ஷ்ருத்கா வண்டி பிடித்து அங்கே போனாள்.

பாதிகுலுக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். குள்ளமான உருவம், அகன்ற கைகள். குழந்தைகளை அனுப்பிவிட்டு, பியானோ மூடியின் மேல் ரொட்டியை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேகாயிம் தான் யார் என்று சொல்லி, அச்சடித்துக் கொண்டுவந்த பக்கத்தை நீட்டினாள். மறைந்திருந்தவை எல்லாம் அதில் தெரிந்தன.

பாதிகுல் ரொட்டியைக் கீழே வைத்தாள். பக்கத்தைத் தொடவில்லை.

"இதை எதுக்கு அக்கா எடுத்துட்டு வந்தீங்க?"

"நீங்க எழுதினதுதானே?"

"அதைப் பாத்தாலே எனக்கு வாந்தி வருது. ஒரு குளிர்காலம் முழுக்க எழுதினேன். மூணு தடவ தேர்வைத் தள்ளி வச்சாரு. 'உனக்குக் கை இருக்கு, பேரு இல்ல. எனக்குப் பேரு இருக்கு, நேரம் இல்ல'ன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. நானும் கூடச் சேந்து சிரிச்சேன் அக்கா. அதான் இன்னும் மறக்க மாட்டேங்குது."

பேகாயிம் பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"புத்தகத்துல அந்த நாலாவது குரலைத் திரும்பப் போட்டுடறேன். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. நீங்க எழுதின மாதிரியே வரும்."

பாதிகுல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போட்டா என்ன ஆகும்? அவரு பேர்ல இன்னும் நல்ல உருப்படியா ஆயிரும். நீங்க எனக்கு ஒத்தாசை பண்றீங்களா, அவருக்கா?"

பேகாயிமுக்கு முகம் சுட்டது. அதுவரை அது அவளுக்கு உறைத்திருக்கவே இல்லை. பக்கம் சரியாக வர வேண்டும் என்பதைத் தாண்டி அவள் யோசித்திருக்கவில்லை.

"அப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"என் நாலு உருப்படியையும் எடுத்துருங்க. அவ்வளவுதான். நான் அனுப்பின மெயில் எல்லாம் தேதியோட இன்னும் இருக்கு. ஆனா யார்கிட்டக் காட்ட? எந்தக் குழுவைப் பாத்தாலும் நடுவுல அவர்தான் உக்காந்திருக்காரு."

"நான் கேட்டுப் பாக்கறேன்."

"கேளுங்க" என்றாள் பாதிகுல். நம்பிச் சொன்ன மாதிரி இல்லை.

வியாழக்கிழமை மெய்ப்புப் பார்க்க அவருடைய வீட்டுக்குப் போனார்கள், கெனாதியும் பேகாயிமும். கூடத்தில் பெரிய பியானோ. அதன் மேல் பின்னல் விரிப்பு, விரிப்பின் மேல் படங்கள், ஒவ்வொரு படத்திலும் சுயூன்பெக் யாரோ ஒருவருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். விரிப்பு மூடிக்கு மேலே இறங்கி விசைகளை மறைத்திருந்தது. பல மாதமாக யாரும் அதை விலக்கவில்லை என்று தூசியே சொன்னது.

பேகாயிம் மெய்ப்பை வைக்கவில்லை. சாம்பல் நிறம் தெரிய அச்சடித்த பக்கங்களை மேசையில் பரப்பினாள். வரி இருந்த பக்கத்தை மேலே வைத்தாள். கெனாதியின் கழுத்து சிவந்தது.

சுயூன்பெக் படித்தார். நிதானமாகப் படித்தார். அவர் வெட்கப்படுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் சிரித்தார். பற்களின் இடுக்கில் நஸ்வாய் பச்சையாகத் தெரிந்தது.

"பசங்க. நான் சொல்லச் சொல்ல எழுதினாங்க. இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் எனக்கு எங்க தெரியும்?"

"அப்ப நாலாவது குரல் எப்படிப் போகும்னு வாசிச்சுக் காட்டுங்க அகாய். இதோ பியானோ இருக்கு."

"கை வலிக்குது மகளே."

"பாடிக் காட்டுங்க போதும்."

"பேகா" என்றார் கெனாதி.

சுயூன்பெக் கையை உயர்த்தி அவரை அடக்கினார். எழுந்து வந்து பேகாயிமின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். உள்ளங்கை வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது.

"உன் வருத்தம் எனக்குப் புரியுது. பதினாலு வருஷமா உழைக்கற, கடைசிப் பக்கத்துல கொசு மாதிரிச் சின்ன எழுத்துல உன் பேரைப் போடறாங்க. இந்தத் தடவ முன்பக்கத்துலயே போடச் சொல்றேன். பெரிய எழுத்துல, என் பேருக்கு நேர் கீழ. கெனாதி, குறிச்சுக்க."

கெனாதி நிஜமாகவே பேனாவை எடுத்தார்.

அந்தப் பேனாவைப் பார்த்ததும் பேகாயிமுக்கு வாயில் உப்பு ஊறியது. கையை உருவிக்கொண்டாள். "என் பேரை எங்கயும் போட வேணாம். கடைசிப் பக்கத்துலயும் வேணாம்" என்றாள். பக்கங்களைப் பொறுக்கிக்கொண்டு படியிறங்கினாள். கீழே சாக்கடை ஓரமாகக் குனிந்து நின்றாள். வாந்தி வரவில்லை, வந்திருந்தால் தேவலை என்றிருந்தது. அழுக்குப் பனியை ஒரு பிடி அள்ளிக் கையைத் தேய்த்துக் கழுவினாள்.

கெனாதி பின்னாலேயே வந்து நின்றார். "நாளைலேர்ந்து வேற ஆளை வச்சுக்கறேன் பேகா. எனக்கு வேற வழியில்ல."

"தெரியும் அண்ணே."

தெருவிலிருந்தே பாதிகுலைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் குழந்தைகள் குதிக்கிற சத்தம் கேட்டது.

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

"எப்படி?"

"வாய் நிறைய நஸ்வாயை வச்சுக்கிட்டு."

யாரோ குழந்தை பாதிகுலை அக்கா அக்கா என்று கூப்பிட்டது. பிறகு, "உங்க முதலாளியோட மெயில் விலாசம் குடுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே கெனாதிக்குத் தேதியோடு நாலு பழைய கடிதங்களின் நகல் போய்ச் சேர்ந்தது. கூடவே இரண்டு வரி: புத்தகம் வருகிற அன்று இந்த நாலு உருப்படியும் என் பெயரில், எல்லாக் குரலோடும், கடிதங்களோடு வலையில் வரும். எது முதலில் எழுதியது என்று படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கெனாதிக்குச் சுயூன்பெக்கிடம் பயம் உண்டு. ஊர் சிரிக்கும் என்பதில் அதைவிடப் பயம். பக்கம் அதிகமாகிவிட்டது, அட்டைக்குள் அடங்கவில்லை என்று அகாயிடம் சொல்லி அந்த நாலையும் எடுத்துவிட்டார். இருபது உருப்படியோடு புத்தகம் வந்தது. அகாய் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மற்ற நாலு பேரையும் பேகாயிம் தேடினாள். இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருத்தி இப்போது சுயூன்பெக்கின் துறையிலேயே பாடம் எடுக்கிறாள். "எனக்குக் குழந்தை இருக்குக்கா, என்னை விட்ருங்க" என்றாள். காம்புகளைக் கையால் திருப்பிய ஆள் பேச்சைப் பாதியில் துண்டித்தான். அவர்களுடைய உருப்படிகள் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. இன்றைக்கும் பள்ளிகளில் வாசிக்கிறார்கள்.

விழா நடந்தது. அவருக்குச் சித்திர வேலை செய்த சப்பான் என்கிற நீள அங்கியைப் போர்த்தினார்கள், வெள்ளைத் தொப்பி வைத்தார்கள், அமைச்சர் ஒருவர் பேசினார். தொலைக்காட்சியில் பேகாயிம் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் கெனாதி கை தட்டிக்கொண்டிருந்தார். அணைத்துவிட்டாள்.

பாதிகுலின் நாலையும் அவள் தன் வீட்டுச் சமையலறை மேசையில் கணினியை வைத்துப் புதிதாகக் கோத்தாள். ஏழு நாள் ஆனது. பதினேழாவதை மட்டும் மூன்று நாள் செய்தாள். நாலு குரலும் ஒன்றை ஒன்று உரசாமல், ஒவ்வொரு காம்பும் அதனதன் திசையில் நின்றது. பாதிகுல் பெயரை மேலே போட்டு, பதினேழு என்ற எண்ணையும் மாற்றினார்கள். வலையில் ஏற்றியதும் முதல் வாரம் நூற்றுச் சொச்சம் பேர் இறக்கிக்கொண்டார்கள். அல்மாத்தியிலிருந்து ஒரு பெண் கச்சேரியில் வாசிக்கட்டுமா என்று கேட்டு எழுதினாள். கடிதங்களைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் படித்தார்கள் என்று மட்டும் தெரிந்தது.

மே மாதம் ஒரு காலையில் சுயூன்பெக்கே பேகாயிமைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நலம் விசாரித்தார். அம்மா எப்படி என்றார். அம்மா போய் ஆறு வருஷமாகிறது.

"அந்தப் புது ஆளு எல்லாத்தையும் கெடுத்துட்டான் மகளே. குரலு மேல குரலு ஏறிக் கெடக்குது. அடுத்த தொகுப்பு ஒண்ணு இருக்கு. பழைய கோவத்தை மனசுல வச்சுக்காத. நம்ம ஜனங்களுக்குள்ள என்ன?"

"நீங்களே எழுதினது ஒண்ணு இருந்தா குடுங்க அகாய். சும்மாவே கோத்துத் தரேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். அவளுடைய வார்த்தை அவரைத் தைக்கவில்லை. உண்மையாகவே தேடிப் பார்ப்பது போலத்தான் யோசித்தார்.

"பாக்கறேன். எங்கயாவது இருக்கும்" என்றார்.

அவள் போனை வைத்துவிட்டு, கன்னத்தில் அது பட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பாதிகுல் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொன்னாள், அவள் சிரிப்பாள் என்று நினைத்து. பாதிகுல் சிரிக்கவில்லை.

"அடுத்த தொகுப்புன்னா சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப இந்த வருஷமும் யாரோ ஒரு பொண்ணு எழுதிட்டு இருக்கா அக்கா" என்றாள் பாதிகுல்.

பாதிகுல் தேநீரைத் தள்ளி வைத்து, கணினியைத் தன் பக்கம் திருப்பி, அந்தத் துறையில் இந்த வருஷம் தேர்வெழுத வேண்டியவர்களின் பட்டியலைத் தேட ஆரம்பித்தாள்.